‘அம்ஹே’ என்ற சொல்லால் வந்த பிரிவு

மயிலாப்பூரில் ஒரு கல்லூரியில் பிராகிருதம் கற்பித்த சோஃபியாவும் வஜீஹாவும், கல்லூரி விட்டதும் ஆழ்வார்பேட்டைக் காபிக் கடை ஒன்றில் உட்கார்ந்து ஒரு பழைய பிராகிருதக் கதையைத் தமிழாக்கி வந்தார்கள். மூத்தவர் சோஃபியா. சாந்தோம்காரர், இலக்கணத்தில் கறார். வஜீஹாவுக்கோ வீட்டில் பேசும் உருதுவிலேயே பிராகிருதம் கேட்கும். தன்மைப் பன்மைக்கு நாங்கள் சொல்லும் ‘ஹம்’ உங்கள் ‘அம்ஹே’ தேய்ந்து வந்ததுதான் என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்த ‘அம்ஹே’தான் வினையானது. கதையில் குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பும் பெண் தோழியிடம், “அம்ஹே கச்சாமோ” என்கிறாள். போகிறோம் என்று பொருள். தோழியும் போகிறாளா? தோழியைச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பிராகிருதத்தில் அதே சொல். தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. ‘நாம்’ அல்லது ‘நாங்கள்’ என்று எழுதியாக வேண்டும். ஏட்டின் அடுத்த பகுதியோ சிதைந்துபோயிருந்தது. வஜீஹா ‘நாம்’ என்றார். சோஃபியா ‘நாங்கள்’ என்றார்.

அடையாற்றில் நடந்த கருத்தரங்கில் வஜீஹா தன் பக்கத்தை அழகாக எடுத்துச் சொன்னார். கைதட்டல் ஓய்வதற்குள் சோஃபியா எழுந்தார். “வீட்டுல உருது பேசுறவங்களுக்கு நாம், நாங்க வித்தியாசம் அவ்வளவா பிடிபடாது.”

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

வாசலில் வஜீஹா நின்று சொன்னார்: “மேடம், எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் மயிலாப்பூர்தான். நான் தமிழ் மீடியத்துல படிச்சவ. உங்களுக்குத் தெரியாததா?”

மொழிபெயர்ப்பிலிருந்து அவர் விலகிக்கொண்டார். புத்தகம் ‘நாங்கள்’ என்றே அச்சானது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சோஃபியா நினைக்காத ரம்ஜான் இல்லை. போனை எடுப்பார், வைத்துவிடுவார். இதற்கிடையே வஜீஹா வேறு கல்லூரிக்கு மாறி, பாலவாக்கத்துக்குக் குடிபோயிருந்தார்.

போன ஆடியில் அவர் புற்றுநோயில் இறந்த செய்தி வந்தது. சோஃபியா பாலவாக்கம் போனார். மகள் இஃப்ரா டீ கொண்டுவந்து வைத்தாள். அம்மாவை அவள் அம்மி என்றுதான் சொல்வாள். அம்மி அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்ததாகவும், நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னதாகவும் சொன்னாள். சோஃபியா டீயைத் தள்ளிவைத்தார். கருத்தரங்கில் தான் சொன்னதை ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னார்.

இஃப்ரா கோபப்படவில்லை.

“இத அம்மிகிட்ட சொல்லியிருக்கணும் ஆன்ட்டி. கடைசி வருஷம் பூரா வீட்லதான் இருந்தாங்க.”

வாசலில் வேறு உறவினர்கள் வந்து நின்றார்கள். இஃப்ரா எழுந்து போனாள்.