லோடு பார்க்கும் அக்கா

நிலக்கரி மின்நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருட சர்வீஸ். லோடு பார்ப்பது, அதாவது ஊர் எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று கணிப்பது, அவளுக்கு அத்துப்படி. பகலில் வானம் இருட்டினால் உடனே கரியைக் கூட்டச் சொல்வாள். தன்னைக் கேட்காமல் சொல்கிறாளே என்று மேலதிகாரி முணுமுணுப்பார். அரை மணியில் வீடுகளில் விளக்குகள் எரியத் தொடங்கி மின்தேவை எகிறும், அவர் வாயை மூடிக்கொள்வார்.

இப்போது கரி என்றாலே எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். வெயிலும் காற்றும்தான் ராஜா. நிலையத்தை மூடப்போவதாக அறிவிப்பு வந்தபோது அக்கா அசரவில்லை. காரணம் தம்பி. அம்மா போனபின் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு அவள் படிக்கவைத்தவன், ஊருக்கு வெளியே வரும் சூரிய மின்நிலையத்தில் இன்ஜினியர்.

"அங்க உனக்கு வேலை கண்டிப்பா இருக்குக்கா. நீ எப்படி லோடு பாக்குறேன்னு மட்டும் சொல்லு, மேல எழுதி அனுப்பணும்."

மூன்று மாதம், வேலை முடிந்து வந்த அலுப்போடு, சமையல் மேடையில் சாய்ந்தபடி ஒன்றுவிடாமல் சொன்னாள். தம்பி செல்போனில் பதிவு செய்துகொண்டான். பெருமையில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

சூரிய மின்நிலையத்தின் திறப்பு விழாவுக்குப் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போனாள். கட்டுப்பாட்டு அறையில் ஒரு பெரிய திரையைத் தவிர வேறொன்றும் இல்லை. வெளியே மேகம் கூடியது. வீடுகளில் விளக்கு எரிவதற்குள் பேட்டரியிலிருந்து மின்சாரம் தானாகக் கிளம்பியது. அவள் சொன்ன கணக்கு, அவள் சொன்ன நேரம்.

"ஆளே வேண்டாம். எல்லாம் இவர் எழுதின புரோகிராம்" என்று புது அதிகாரி தம்பியின் தோளைத் தட்டினார்.

வாசலில் அக்கா தம்பியை நிறுத்திக் கேட்டாள். "வேலை இல்லன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல்லயே தெரியும்." அவன் தலை தூக்கவில்லை. "உலகம் பூரா கரியை மூடுறாங்கக்கா. உனக்குத் தெரிஞ்சது வீணாப் போகக்கூடாதுன்னுதான்..."

"கரி போகட்டும்டா. புகை இல்லாம ஊரு நல்லா இருக்கட்டும். கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பேனே! எதுக்குடா பொய் சொன்ன?"

"வேலை இல்லன்னு தெரிஞ்சா சொல்லமாட்டியோன்னு பயந்தேன்."

வேலை போனதுகூட அந்த நேரத்தில் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

"தூக்கி வளத்தவடா நான்" என்றாள். "என்னைப் பத்தி இவ்வளவுதானா தெரியும் உனக்கு?"