திண்டிவனத்தில் பகல் கரண்டு நின்றது

பொங்கல் முடிந்த வாரம், விழுப்புரத்தில் ஒரு கல்யாணம். வந்தது வந்தோம் என்று மறுநாள் காலை ஏழரைக்குத் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீட்டருக்குள்தான், ஒரு மணி நேரம். கூடப் படித்த கலைச்செல்வி அங்கே ஒரு துணை மின்நிலையத்தில் உதவிப் பொறியாளர். கோயில் குளம் தேடி வந்தவர்கள் இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பகலில் சோலார் மின்சாரம் கொட்டுகிறது, பொழுது சாய்ந்தால் தட்டுப்பாடு. அதனால் வயல் மோட்டார்களுக்கு இரவில் கொடுத்ததைப் பகலுக்கு மாற்றி அன்று சோதனை. லைன் தாங்கினால் இனிமேல் பகலில்தான். தாங்காவிட்டால் பழையபடி இரவு.

சோதனையைப் பார்க்க வந்திருந்த மல்லிகா அக்கா, வயலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருப்பவர். "ராவுல மோட்டார் போடப் போயி எங்க வூட்டுக்காரர பாம்பு கடிச்சிடுச்சிங்க. பொழச்சதே பெருசு. இப்ப நான்தான் போய்க்கினு இருக்கேன்" என்றார்.

பத்து மணிக்குக் கொடுத்தார்கள். மீட்டர் விர்ரென்று ஏறியது, லைன் டிரிப் ஆகிக் கரண்டு போய்விட்டது. மல்லிகா அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கலைச்செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். எப்போது கரண்டு வருமோ என்று எல்லாரும் மோட்டாரை, கரண்டு வந்ததும் தானே ஓடும்படி, 'ஆட்டோ' சுவிட்சில் போட்டுவிட்டுத் தூங்கிப் பழகியவர்கள். வந்ததும் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பிவிட்டன.

மல்லிகா அக்கா அவள் போனைப் பிடுங்காத குறையாக வாங்கி, விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் கத்தினார்: "யாரும் ஆட்டோவுல வெக்காதீங்க! மேடம் ஊர் பேரு சொன்னப்புறம் கையால போடுங்க!"

"உங்க மோட்டாரு, அக்கா?" என்றாள் கலைச்செல்வி.

"ஐயோ, நானும் ஆட்டோவுலதான் வெச்சிட்டு வந்தேன்!" சிரித்துக்கொண்டே மொபெட்டை உதைத்து வயலுக்குக் கிளம்பினார்.

பதினொன்றரைக்கு மறுபடியும். கலைச்செல்வி குழுவில் ஒவ்வொரு ஊராகப் பெயர் சொல்ல, மீட்டர் நிதானமாக ஏறி நின்றது. நின்றேவிட்டது. நான் கைதட்டிவிட்டேன், வெட்கமாக இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: முன் அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ கிடைக்கிறது, திரும்பும்போது கிடைப்பதுதான் பேஜாரு. பெரிய திட்டங்களைப் பற்றிப் பேப்பரில் படிக்கும்போது சலிப்பு வரும் எனக்கு. அங்கே நின்று பார்த்தபோது, இது நடந்துவிடும் என்று தோன்றியது.

நான் கிளம்பும் நேரத்தில் கலைச்செல்விக்குப் போன். ஸ்பீக்கரில் போட்டாள், மல்லிகா அக்கா.

"தண்ணி பாயுதுங்க மேடம்! இன்னிக்கி ராத்திரி நாங்க ரெண்டு பேரும் தூங்கப் போறோம்."