கண்ணை மூடிக் கேட்க வேண்டிய வண்டி

"கண்ண மூடுங்க. இப்ப கேளுங்க."

விலைக்கு வைத்த தன் பிக்கப் வண்டியைப் பார்க்க யார் வந்தாலும் பிக்கப்காரர் இப்படித்தான் ஆரம்பிப்பார். சாவியைத் திருப்புவார். டீசல் எஞ்சின் ஒரு உதறு உதறிவிட்டுச் சீராக ஓடத் தொடங்கும். உடனே தன் வெள்ளைக் கைக்குட்டையைப் புகைக்குழாய் வாயில் பிடித்துக் காட்டுவார். "கரி இருக்கா? சொல்லுங்க, இருக்கா?"

வந்தவர்களோ கண்ணைத் திறந்ததும் கதவைத்தான் பார்ப்பார்கள். வீடு மாறுகிறவர்களின் பீரோவும் கட்டிலும் ஏற்றி இறக்கியதில் விழுந்த கோடுகள், பின்பலகையில் ஒரு சொட்டை, வெயிலில் வெளுத்த கூரை. "நிறைய அடி வாங்கியிருக்கே" என்று ஒருவர் விரலால் தடவியபோது பிக்கப்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"இது சரக்கு ஏத்துற வண்டிங்க. ஷோகேஸ்ல வைக்கவா வாங்குறீங்க?"

போனவர் போனவர்தான்.

விற்காமலும் முடியாது. இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. கிளச்சை மிதித்தால் உயிர் போகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆள் கிடைக்காவிட்டால் பழைய இரும்புக்காரருக்குத் தள்ளிவிட வேண்டியதுதான் என்று மனைவி கெடு வைத்துவிட்டாள். நன்றாக ஓடுகிற எஞ்சினை உடைத்து எடைக்குப் போடுவதா? நினைக்கும்போதே அவருக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே!

இந்த லட்சணத்தில் மனைவியின் தம்பி ஓர் உபகாரம் செய்தார். இவர் முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சமயம், வண்டியை ஓட்டிப்போய்ப் பளபளவென்று பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்.

"எப்படி மாமா? புதுசு மாதிரி இல்ல?"

"யாரக் கேட்டுடா அடிச்ச? அப்படியே எம் மூஞ்சிக்கும் ஒரு கோட்டிங் அடிச்சு விடேன்!"

சனிக்கிழமை, செடி விற்கும் பெண் வந்தாள். தொட்டியும் மண்ணும் ஏற்ற அவளுக்கு வண்டி வேண்டும். சொன்னபடி கண்ணை மூடினாள். மற்றவர்களைப் போல அவசரப்படாமல் நின்று கேட்டாள். "சத்தம் நல்லாருக்குண்ணே" என்றாள். அவருக்கு அப்போதே பாதி வலி போய்விட்டது. அப்புறம் கண்ணைத் திறந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். முகம் மாறியது.

"பழைய வண்டிக்கு எதுக்குண்ணே புதுப் பெயிண்ட்டு? எங்கயாவது மோதினத மறைக்கிறீங்களா?"

மறைப்பதா! ஒரு நாற்காலிக் காலைக்கூட உடைக்காமல் ஊரார் சாமான்களை இறக்கிய மனிதரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? கோடு இருந்தால் அடிபட்ட வண்டி, இல்லாவிட்டால் அதைவிட மோசமான வண்டி. என்ன நியாயம் இது? பக்கத்தில் நின்ற மைத்துனர் சமாதானம் சொல்ல வாயெடுத்தார்.

"நீ பேசாத!"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"பொறும்மா" என்றார். காலை இழுத்துக்கொண்டு கதவருகே போய், எஞ்சினை அணைத்துச் சாவியை உருவினார். ஓர் இடத்தைக் குறிபார்த்துச் சாவி முனையால் பரபரவென்று சுரண்டினார். புதுப் பெயிண்ட் உதிர்ந்தது; அடியில் பழைய கோடு தெரிந்தது.

"இது பீரோ உரசினது. மோதினது இல்ல." பின்பக்கம் போய் இன்னோர் இடத்தையும் சுரண்டினார். "இது கட்டில் கால்."

பிறகு கையை நீட்டிச் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"மிச்சத்த நீயே சுரண்டிப் பாரும்மா."