கிளம்புகிறவரைக் கேட்கக் கூடாது

பொங்கலுக்கு வந்த மகள் மூன்றாம் நாளே பெங்களூருக்குக் கிளம்பிவிட்டாள். போகும்போது சோப்புப் பெட்டி அளவில் ஒரு விளையாட்டு மெஷினை என் கையில் திணித்தாள். சின்னத் திரை, அதன் கீழே பட்டன்கள், உள்ளே முப்பது வருஷத்துக்கு முந்தைய விளையாட்டுகள் நூற்றுக்கணக்கில். உனக்குப் பொழுது போகும் என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவள் இன்னும் நாலு நாள் இருந்தால் போகாத பொழுதா? மெஷினைக் கொண்டுபோய் அரிசி டின் மேல் வைத்தேன்.

எனக்கு ஐம்பத்தாறு வயது. திருவாரூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்திவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவள். வீட்டுக்காரர் தவறி நாலு வருஷம் ஆகிறது. நிலம் குத்தகையில் இருக்கிறது. தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும், பெற்றவர்கள் அவர்கள் பின்னால். தனியாக இருப்பது பழகிவிடும் என்று என்னிடம் சொன்ன ஒருவரும் ஒரு வாரம் தனியாக இருந்து பார்த்ததில்லை. மதியத்தில் டிவியைச் சும்மா ஓடவிடுவேன், வீட்டில் ஏதாவது ஒரு குரல் கேட்கட்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மகள் கூப்பிடுவாள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அங்க வெயிலா. நாலே நிமிஷம். அப்புறம், சரிம்மா, வெளியில் கிளம்பிவிட்டேன், வைக்கிறேன் என்பாள். பொங்கலுக்கு வந்தபோதே இளைத்திருந்தாள். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை. என்னடி என்று எத்தனை விதமாகக் கேட்டும் ஒண்ணும் இல்லைம்மா என்ற ஒரே பதில்தான். அந்த ஒண்ணும் இல்லை என்னைப் பிடுங்கித் தின்றது. பெற்ற பெண் கண்ணெதிரே கைநழுவிப் போகிறாள், ஏன் என்றுகூடத் தெரியவில்லை.

தை மாதக் கடைசியில் ஒரு நாள் மின்சாரம் போய் டிவி அணைந்தது. வேறு வழியில்லாமல் மெஷினை எடுத்தேன். ஆர்.பி.ஜி. என்று ஒரு வகை விளையாட்டு, கதைக்குள் ஒரு ஆளாக நாமே நடந்து போக வேண்டும். முதலில் ஆடியதில் கையில் வாளைக் கொடுத்தார்கள். வழியில் போகிற பிராணியை எல்லாம் வெட்டினால்தான் நமக்குப் பலம் ஏறுமாம். ஒரு பச்சைத் தவளை அது பாட்டுக்குத் தத்திக்கொண்டு போனது, அதையும் வெட்டச் சொன்னார்கள். அந்த ஞாயிறு மகளிடம் பிடிபிடியென்று பிடித்தேன். பெட்டிக்குள் தவளையைத் தவிர வேறு விரோதியே கிடைக்கவில்லையா என்றேன். அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்துக் கேட்டு எத்தனை மாதமோ ஆகியிருந்தது.

அந்தச் சிரிப்புக்காகத்தான் தொடர்ந்து ஆடினேன், மறைப்பானேன்.

சண்டையே இல்லாத ஒன்று அதே மெஷினில் இருப்பதாக மகள் சொன்னாள். ஜப்பானில் அந்தக் காலத்தில் வந்து, யாரும் வாங்காமல் போன விளையாட்டாம். யாரோ ஆசைப்பட்டு இங்கிலீஷில் மாற்றியிருக்கிறார்கள். ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அதன் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் வேலைக்கு நாம் புதிதாக வந்து சேருகிறோம். ஊரில் ஒன்பது பேர். எத்தனை பேரை நிஜமாகத் தெரிந்துகொண்டோம் என்று திரையின் மூலையில் ஓர் எண் ஏறும். ஒன்பது வந்தால் முடிந்தது. இதைப் பண்ணியவனும் என்னைப் போல ஒரு தனிக்கட்டையாகத்தான் இருக்க வேண்டும்.

பழைய விளையாட்டுகள் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தராது. எல்லாவற்றையும் நாமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் எழுதாத வருகைப் பதிவேடு ஒன்று கிடந்தது. முட்டைக்காரி, தபால்காரர், தொப்பிக் கிழவர் என்று ஒன்பது பேருக்கும் வரிசை எண் போட்டேன். யார் எந்நேரம் வீட்டில் இருப்பார், என்ன சொன்னார் எல்லாம் அதில் ஏறியது. யாரிடமும் இரண்டு தரம் பேச வேண்டும், இரண்டாம் தரம்தான் வேறு ஏதாவது சொல்வார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். நம் ஆள் கட்டிலில் போய்ப் படுத்தால்தான் ஆடியது பதிவாகும். அது தெரியாமல் முதல் நாள் ஆட்டம் முழுவதையும் சார்ஜ் இறங்கித் தொலைத்தேன்.

எண் மூன்றுக்கு வந்தது. வந்து நின்றதுதான், நகரவே இல்லை. மாசி போய்ப் பங்குனியும் போயிற்று. வெளியே வெண்ணாற்றில் மணல்தான் கிடந்தது. நான் தினமும் தண்ணீர் புரளும் ஓர் ஆற்றங்கரையில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது பேரும் காலையில் வணக்கம் சொல்வார்கள், படகேறிப் போவார்கள், சாயங்காலம் திரும்புவார்கள். மகளைக் கேட்டால், நீயே கண்டுபிடி, அதில்தான் எல்லாமே என்பாள். பேச்சு நாலு நிமிஷத்திலிருந்து பத்து நிமிஷமானது என்னவோ உண்மை. ஆனால் பத்து நிமிஷமும் முட்டைக்காரியைப் பற்றித்தான் பேசினோம். தன்னைப் பற்றி மகள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். கடைசியில் அதே கிளம்பல்தான்.

சித்திரையில் ஒரு நாள். முட்டைக்காரி படகில் ஒரு காலை வைத்தாள். அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. நான் திடுக்கிட்டு எழுந்ததில் கட்டைவிரல் பேசுவதற்கான பட்டனில் அழுந்திவிட்டது. திரையில் என் ஆள் அவளைக் கேட்கிறான்: எங்கே போகிறாய்?

அவள் வைத்த காலை எடுத்துக்கொண்டு திரும்பினாள். கூடையைக் கீழே வைத்தாள். சந்தைக்குப் போகிறேன், என் முட்டையை யாரும் வாங்குவதில்லை, ஆனாலும் போய் உட்கார்ந்திருப்பேன், இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை என்றாள். எண் நாலானது.

அடிக் கழுதை என்று என்னையே திட்டிக்கொண்டேன். இரண்டரை மாதம் எல்லா இடத்திலும் எல்லாரிடமும் அந்தப் பட்டனை அழுத்தியிருக்கிறேன். படகில் ஏறுகிறவரிடம் மட்டும் ஒரு தடவைகூட அழுத்தவில்லை. எங்கள் பக்கம் வாசற்படி தாண்டியவரை எங்கே என்று கேட்கக் கூடாது. போகிற காரியம் விளங்காது. தவறிக் கேட்டுவிட்டால் அவர் திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். நான் அறிவியல் டீச்சர்தான். இருந்தாலும் ஐம்பத்தாறு வருஷப் பழக்கம், பொம்மையிடம்கூட வாய் வரவில்லை.

வீட்டுக்காரர் போன அன்றும் இதே கதைதான். காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மொபெட்டை எடுத்தார். வயலுக்குப் போகிற சட்டை இல்லை அது. எங்கே என்ற வார்த்தை வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். பட்டுக்கோட்டை ரோட்டில் ஒரு டீக்கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த ரோட்டில் எங்களுக்கு யாரும் கிடையாது. எதற்குப் போனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்காமல் இருந்து நான் எதைக் காப்பாற்றினேன்?

மெஷினை அணைத்து வைத்தேன். ஞாயிறு வரைக்கும் தொடவில்லை.

அன்று ஐந்து மணிக்கு மகள் கூப்பிட்டாள். முட்டைக்காரி விஷயத்தை நான் சொல்லவில்லை. சாப்பாடு, மாத்திரை, வெயில் எல்லாம் ஆயிற்று. செருப்பு மாட்டியாகிவிட்டது, கிளம்புகிறேன் என்றாள். கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது.

"எங்கடி போற?"

"என்னம்மா... கிளம்பறப்ப கேட்டுட்ட?"

"கேட்டுட்டேன்."

திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். பூட்டு மறுபடி திறந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டாள். நாற்காலி இழுபட்டது. டம்ளரில் தண்ணீர் விழுந்தது. பெங்களூரில், நாலாவது மாடியில், என் மகள் எங்கள் வீட்டு வழக்கப்படி திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கயும் இல்லம்மா. மெட்ரோல ஏறுவேன். கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு அப்படியே திரும்பி வந்துடுவேன். பக்கத்துல நாலு பேர் உக்காந்திருப்பாங்கல்ல."

எத்தனை நாளாக என்று கேட்டேன். வீட்டில் கூடத் தங்கியிருந்த பெண் கல்யாணமாகிப் போனதிலிருந்து என்றாள். அந்தக் கல்யாணம் ஆவணியில் நடந்தது. எட்டு மாதம். இங்கே நான் குரலுக்காக டிவியை ஓடவிட்டிருக்கிறேன், அங்கே அவள் ஆளுக்காக ரயில் ஏறியிருக்கிறாள். இரண்டு பேரும் வாராவாரம் வெயிலைப் பற்றிப் பேசியிருக்கிறோம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளும் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

தண்ணீர் குடித்தாகிவிட்டால் கிளம்பிவிடலாம். அதுதான் முறை.

"தண்ணி குடிச்சிட்டியா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லம்மா."

"மெதுவாக் குடி" என்றேன்.