முதல் கைதட்டல்

பெகி அம்மையார் காலமான செய்தியை அவருடைய தம்பி லெஸ்லிதான் எங்கள் கதவைத் தட்டிச் சொன்னார். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். "வியாழக்கிழமை தகனம். உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது, நினைவிருக்கிறதா?" என்றார். தலையாட்டினேன். அந்த வேலையை நான் செய்யவில்லை. அதைச் சொல்லாமல் பெகியைப் பற்றி ஒரு வரி எழுதவும் எனக்கு முகமில்லை.

லண்டன் ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அழைத்து வருபவர்களுக்கு அவரைத் தெரியும். ஆண்டு விழாவில் சிவப்புத் தொப்பியோடு முன்வரிசையில் இருந்து, ஒரு சொல்லும் விளங்காமல், சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்த வெள்ளைக்காரி. மூன்று தலைமுறையாக ஆங்கில இசை நகைச்சுவை நாடகங்களில் ஆடிப் பாடிய குடும்பம் அவருடையது. தாத்தா கோமாளி வேடக்காரர், அம்மா பாடகி, அப்பா மேடைக்குக் கீழே வாத்தியக் குழுவை நடத்தியவர். பெகிக்குக் கிடைத்ததெல்லாம் கதாநாயகியின் வாயாடித் தோழி வேடம்தான். "அவளுக்குக் காதலன் கிடைப்பான், எனக்குச் சிரிப்புக் கிடைக்கும். யார் கெட்டிக்காரி?" என்பார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். காலையில் அவர் குரல் பழக்கும்போது என் கணவர் தேநீரோடு அந்தச் சுவரோரம் போய் நின்று கேட்பார்.

ஒரு விழாவில் என் மகள் தனியாகப் பாடினாள். பாட்டு முடிந்தபோது மண்டபமே கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தது. தட்டுவதற்கு ஒருவருக்கும் கை ஒழியவில்லை. நான் தட்டப்போனேன். பெகி என் கையை அமுக்கிவிட்டு, தானே எழுந்து நின்று தட்டினார். பிறகுதான் மண்டபம் தட்டியது. வீட்டுக்கு வரும் வழியில் விளக்கம் சொன்னார்: "சொந்தக்காரர் தொடங்கினால் அது பிச்சை கேட்பது. வெளியாள் ஒருவர் தொடங்க வேண்டும், பிறகு குடும்பம் சேரலாம். எங்கள் வீட்டுச் சட்டம் இது." நோயில் விழுந்தபின், "தகனசாலையில் என் பெட்டிக்கு முன்னால் திரை மூடும்போது கைதட்டலை நீ தொடங்கு" என்று கேட்டார். சரி என்றேன்.

இதைக் கேட்ட என் கணவர் பதறிப்போனார்.

"செத்த வீட்டில கை தட்டுறதோ? உமக்கென்ன விசரே?"

"ஓம் எண்டு சொல்லிப்போட்டன். இனி ஏலாது எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

அன்று என் வாய் மட்டும் பெரிதாக இருந்தது.

தகனசாலையில் இருந்தவர்கள் எல்லாரும் பெகியுடைய குடும்பம். வெளியாள் நான் ஒருத்திதான். பெட்டிக்கு முன்னால் திரை மெல்ல மூடத் தொடங்கியது. எல்லாரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். ஒப்பாரி கேட்டு வளர்ந்த எனக்குக் கை எழவில்லை. சனம் என்ன நினைக்கும் என்று பயந்தேன். அங்கிருந்த சனமோ அதற்காகத்தான் காத்திருந்தது. திரை முழுவதும் மூடியது. வாழ்நாளெல்லாம் மேடையில் நின்றவர் ஒரு சத்தமும் இல்லாமல் போனார்.

லெஸ்லி எழுந்து திரைக்கு முன்னால் வந்தார். எங்களைப் பார்த்து, அக்காவுக்குப் பதிலாக, இடுப்பு மடியக் குனிந்து வணங்கினார். வாசலில் நான் மன்னிப்புக் கேட்டபோது, "கைதட்டல் வராத அன்று இன்னும் தாழக் குனி என்று அப்பா சொல்வார்" என்று மட்டும் சொன்னார். அவர் என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

பெகியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, என் மகளுக்காக அவர் எழுந்து நின்று தட்டிய அந்த முதல் கைதட்டல். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு ஒரே ஒரு நாள் இருந்தது. அன்று என் இரண்டு கைகளும் மடியில் சும்மா கிடந்தன.