சரியாச் சொன்னேனா

என் மாமா செய்த எதுவும் அது செய்யவேண்டிய வேலையைச் செய்ததில்லை. மாடித் தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்த ஒரு கருவி செய்தார். பக்கத்து வீட்டுச் சுவர் நனைந்து சண்டை வந்ததுதான் மிச்சம். துணிக்கடையில் வேலை. வெள்ளிக்கிழமை விடுமுறை முழுக்கச் செல்போனில் வீடியோ பார்த்து ஈயம் உருக்கிக்கொண்டிருப்பார். உம்மாவின் தம்பி என்பதால் அந்தப் புகையெல்லாம் எங்கள் வீட்டுக்குள்தான்.

உருப்படியாக அமைந்தது வாசல்மணி ஒன்றுதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. வாப்பா சவூதியிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். பத்து விநாடிக் குரலைப் பதிந்து வைக்கும் சின்னப் பலகை ஒன்றை மாமா ஆன்லைனில் வரவழைத்து, பழைய ரேடியோவின் ஸ்பீக்கரோடு சேர்த்து, சோப்பு டப்பாவுக்குள் அடைத்து வாசலில் மாட்டினார். கம்பிகளைப் பிடித்துக்கொண்டது நான். உள்ளே ஒரு சிவப்புப் பொத்தான். அதை அழுத்திக்கொண்டு பேசினால் பழைய குரல் அழிந்து புதியது பதியும். வாப்பாவைப் பேசச் சொன்னோம்.

எங்கள் மேலப்பாளையத்துத் தெருவில் மழைக்காலத்தில் கால்வாய்த் தண்ணீர் வந்துவிடும் என்பதால் வாசற்படி உயரம். வாப்பா வாசலில் நின்று, "வாங்க, வாங்க. பைய ஏறுங்க, படி ஒசரம்" என்றார். நான் பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் உள்ளே திரும்பி, "சரியாச் சொன்னேனா புள்ள?" என்று உம்மாவிடம் கேட்டுவிட்டார். அதுவும் பதிந்துபோனது. மாமா திருத்தப் பார்த்தார். "கெடக்கட்டும் மாப்ள, நல்லாத்தான இருக்கு" என்றார் வாப்பா.

அன்றிலிருந்து யார் மணியடித்தாலும் அந்தக் கேள்வியும் சேர்ந்து வரும். அடுப்படியிலிருந்து உம்மா, "சரி, சரி" என்பாள். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே படியேறுவார்கள்.

வாப்பா திரும்பிப் போன ஐந்தாம் மாதம் அங்கேயே இறந்துபோனார். அடக்கமும் அங்கேயே. வீட்டுக்கு வந்தது செய்தி மட்டும்தான். துக்கம் கேட்க முதலில் வந்த பெரியம்மா வழக்கம்போல மணியை அழுத்தினார். "வாங்க, வாங்க" என்று வாப்பா அழைத்தார். பெரியம்மா அந்த உயரமான படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மாமா ஓடிவந்து பேட்டரியைப் பிடுங்கினார். இரண்டு நாள் கழித்து உம்மாதான் அதைத் திரும்பப் போடச் சொன்னாள்.

உம்மா இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டாள். மணியோ வெளியே. தினமும் மாலைத் தொழுகைக்கான அசர் பாங்கு முடிந்ததும் என்னிடம், "ஏளா, மணி அடிக்குதான்னு ஒருக்க அமுக்கிப் பாரு" என்பாள். நான் போய் அமுக்குவேன். குரல் முடிந்ததும் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து, "சரி" என்று கேட்கும். மணி சரியாக இருக்கிறது என்கிறாள் என்று எண்ணிக்கொண்டு விளையாடப் போய்விடுவேன். திரும்பி வந்தால் அவள் கண் சிவந்திருக்கும்.

பெரியம்மா ஒருநாள் மாமாவிடம், "அந்தக் கொரலக் கேட்டுக்கிட்டே கெடந்தா அவ எப்பம்லே தேறுவா? அத மாத்தித் தொலையேன்" என்றார். மாமா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடினார். அவருக்கு இல்லாத துணிச்சல் எனக்கு இருந்தது. குரங்கு கையில் பூமாலை கிடைத்தால் அப்படித்தான்.

மறுநாள் பள்ளிவிட்டு வந்ததும் நாற்காலி போட்டு ஏறி, டப்பாவைத் திறந்து, சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். மேடையில் பேசுகிறவளைப்போலத் திருத்தமாக, "அஸ்ஸலாமு அலைக்கும். படி உயரம். பார்த்து ஏறுங்கள்" என்றேன். கடைசியில் வேண்டாத கேள்வி எதுவும் வராமல் சரியாக விரலை எடுத்தேன்.

அசர் பாங்கு முடிந்தது. உம்மா சொன்னாள், நான் போய் அமுக்கினேன். என் குரல் கணீரென்று வந்தது. பாராட்டை எதிர்பார்த்துக் கதவோரம் நின்றேன். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. இன்னொரு தடவை அமுக்கினேன்.

மாமா வந்து டப்பாவைப் பிரித்து வெகுநேரம் பார்த்தார். அழிந்தது அழிந்ததுதான். என்னை அடிக்கக் கை ஓங்கியவரிடம் உம்மா, "விடுலே, அவளுக்கு என்ன தெரியும்" என்றாள். போனில் வாப்பாவின் குரல் ஏராளமாக இருந்தது. எல்லாம் அங்கிருந்து பேசியவை. எங்கள் வாசலில் நின்று பேசியது அது ஒன்றுதான். இன்றைக்கும் அதை நினைத்தால் என் விரல்மேல் எனக்கே வெறுப்பு வருகிறது.

அதன்பிறகு உம்மா என்னை மணி பார்க்க அனுப்பவே இல்லை. ஒருவழியாக மணி சரியாகிவிட்டது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.