பட்டுப் புடவையும் பழைய கேமராவும்

மும்பை செம்பூரில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டது என்று திரையில் தினமும் ஓர் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாதாம், புதுசுக்கு மாறச் சொன்னது. எனக்கு அதில் அவசரம் ஒன்றும் தெரியவில்லை. என் கணவருக்குத் தெரிந்தது. ரிடையர் ஆனதிலிருந்து அவர் கையில் எதையாவது கழற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

எனக்கோ விஜயதசமியன்று முதல் மாணவி வரவிருந்தாள். ஹார்பர் லைன் ரயிலில் ஆபீஸ் போன காலத்தில் லேடீஸ் பெட்டியில் பஜனை பாடியதுதான் என் மேடைக் கச்சேரி. இப்போது லண்டனிலிருந்து ஒரு சின்னப் பெண் வீடியோவில் பாட்டுக் கற்கப்போகிறாள். "குழந்தைக்கு உங்களைப் பிடிச்சா தொடரலாம் மாமி" என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள். பிடிக்க வேண்டுமே என்று தினமும் ஸரளி வரிசையைப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விஜயதசமி முடியட்டும்னா. இப்போ அதைத் தொடாதேங்கோ."

"ஏக்தம் ஈஸிடீ. டிரைவர் எல்லாத்தையும் பென் டிரைவ்ல எடுத்து வச்சுட்டேன்."

டிரைவர் என்றால், பிரிண்டரையும் கேமராவையும் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் புரோகிராம். புது சிஸ்டம் வந்தால் பழைய சாமான்களோடு பேச்சு நின்றுபோகலாம். மானிட்டர் தலையில் உட்கார்ந்திருந்த எங்கள் கேமரா அரதப்பழசு.

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் ராஜா மாதிரி உட்கார்ந்து மாற்றி முடித்தார். ஸ்பீக்கர் பாடியது. பிரிண்டர் ஒரு காகிதத்தைத் துப்பியது. கேமராவைப் பார்ப்பதற்குள் பசி வந்து எழுந்துவிட்டார். மறுநாள் பாட்டுப் புத்தகம், சுருதிப் பெட்டி, கம்ப்யூட்டர் எல்லாம் பூஜையில். மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர் என்று ஒன்று விடாமல் சந்தனம் குழைத்துத் தடவி, மேலே குங்குமம் வைத்தார். விஜயதசமி காலைப் புனர்பூஜை வரைக்கும் எதையும் தொடக் கூடாது. கேமரா வேலை செய்கிறதா என்று பார்க்கவும் வழியில்லை.

விஜயதசமியன்று காலையிலேயே அரக்குப் பட்டு கட்டி, பூ வைத்துத் தயாராகிவிட்டேன். புனர்பூஜை முடிந்ததும் சுண்டலை மென்றுகொண்டே அவர் கம்ப்யூட்டரைப் போட்டார். கேமராவில் பச்சை விளக்கு எரிந்தது. என் முகம் தெரிய வேண்டிய இடத்தில் கும்மிருட்டு.

"டிரைவர்தான்" என்றார். இருந்த டிரைவரை எடுத்தார், பென் டிரைவில் இருந்ததைப் போட்டார். இருட்டு. நெட்டிலிருந்து இன்னொன்றை இறக்கினார். அதே இருட்டு. நான் பின்னாலேயே நின்று கரித்துக்கொட்டினேன்.

"நன்னா இருந்ததைக் கெடுத்து வச்சிருக்கேளே!"

"டென்ஷன் குடுக்காதேடீ!"

லண்டனில் விடிந்து அழைப்பும் வந்துவிட்டது. திரையில் தூக்கக் கண்ணோடு ஒரு குழந்தை, பக்கத்தில் அவள் அம்மா.

"மாமி, குரல் கேக்கறது. உங்களைத்தான் காணோம்."

தாளம் போடும் கையைப் பார்க்காமல் அந்தக் குழந்தை என்னத்தைக் கற்கும்? என் கணவர் குனிந்து டிரைவர் புராணத்தை ஆரம்பித்தார். குழந்தையின் அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"மாமா, நேத்திக்குப் பூஜையில கேமராவுக்கும் பொட்டு வச்சேளா?"

இவர் கேமராவைக் கிட்டே போய் உற்றுப் பார்த்தார்.

"எங்க டேப்லெட்லயும் இதே கதைதான். இப்பத்தான் துடைச்சேன்."

வேஷ்டித் தலைப்பை எடுத்து அவர் கேமராவைத் துடைத்தார். காய்ந்த சந்தனம் கீபோர்டில் உதிர்ந்தது. திரையில் முதலில் அவர் கட்டை விரல் வந்தது, அப்புறம் மூக்கு. குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. அவரைத் தள்ளிவிட்டு நான் உட்கார்ந்தேன். 'ஸா' பிடித்தேன். அவளும் பிடித்தாள், கொஞ்சம் கோணலாக. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

வகுப்பு முடிந்ததும் அவள் தன் அம்மாவிடம், "அடுத்த தடவையும் இந்த மாமிதானே?" என்று கேட்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

என் கணவர் மட்டும் இன்னும் திரையில் தெரிந்த என் உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டீ, பட்டுப் புடவை எப்போ கட்டிண்டே?"

"கார்த்தாலேர்ந்து இதைக் கட்டிண்டுதான் உங்க பின்னாடி நின்னுண்டிருக்கேன்."